பாக்கெட் பழமும் பனை நுங்கும்

போன வருஷம் ஆடி மாசம். காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். ஆறு வயதுப் பேத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மருமகள் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். என் மனைவி கிராம்பைத் தேடினாள். நான் வழக்கம்போல நடு வீட்டில் நின்று, "என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் பல் டாக்டரிடம் போனோம். நாலு கடைவாய்ப் பல் சொத்தை. ஒன்றில் வேர் வரைக்கும் போய்விட்டது. நான் கெட்டிக்காரத்தனமாக, "பால் பல்தானே டாக்டர், விழத்தானே போகுது?" என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சார், முன்பல்லுதான் ஆறு ஏழு வயசுல விழும். கடைவாய்ப் பால் பல்லு பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்கணும். அதை இப்பவே விட்டுட்டா, பின்னால வர்ற பல்லுக்கு இடம் இருக்காது" என்றார். பிறகு, "தினமும் இனிப்பா எதாவது குடிக்கிறாளா?" என்று கேட்டார்.

மருமகள் பேசவில்லை. மகன் பேசவில்லை. பேத்திதான், வாயைத் திறந்தபடியே, "தாத்தா மாம்பழ ஜூஸ் வாங்கித் தருவாங்க" என்றாள்.

ஆமாம், நான்தான். சாயங்காலம் பீச் ரோட்டில் நடந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பாக்கெட் வாங்கி வருவது ரெண்டு வருஷப் பழக்கம். சாக்லேட் கெடுதல், மிட்டாய் கெடுதல் என்று எல்லாருக்கும் உபதேசம் செய்தவன் நான். இது பழம்தானே என்ற நினைப்பு. மேலே பெரிசாக மாம்பழப் படம் வேறு போட்டிருக்கிறான்.

நான் 1979-இல் துறைமுகத்தில் சேர்ந்து 2015-இல் ஓய்வு பெற்றவன். 36 வருஷம் சரக்குச் சீட்டைப் படித்துச் சோறு தின்றவன். சீட்டில் ஒன்று, கப்பலில் வேறொன்று இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவன், கையில் வாங்கிய பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. அன்றைக்குத்தான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்தேன். நூறு மில்லிக்குச் சர்க்கரை 13 கிராம். பாக்கெட் 160 மில்லி. ஆக ஒரு பாக்கெட்டில் ஏறக்குறைய 21 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஐந்து. வீட்டில் ஒரு டம்ளர் பாலில் மருமகள் ஐந்து தேக்கரண்டி சீனி போட்டால் நான் சும்மா இருப்பேனா?

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் மொத்த கலோரியில், சேர்க்கும் சர்க்கரை பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 1,350 கலோரி என்று வைத்துக்கொண்டால், ஐந்து சதவீதம் என்பது 17 கிராம் சர்க்கரை. என் பாக்கெட் ஒன்றே அதைத் தாண்டிவிட்டது. பால், பிஸ்கட், ஹார்லிக்ஸ் எல்லாம் அதற்கு மேலே.

இன்னொரு சங்கதி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 'பழ பானம்' என்று பெயர் போட்டு விற்கும் சரக்கில் பழச்சாறு குறைந்தது பத்து சதவீதம் இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் ஐந்து சதவீதமே போதும். அதாவது கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கு பழத்தைப் பார்த்து, பத்துப் பங்கும் பழம் என்று நினைத்தது நான்தான்.

அன்றிலிருந்து ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு நான் பொறுப்பு. இந்த ஒரு வருஷ அனுபவத்தில் எனக்கு மூன்று அபிப்பிராயங்கள் உண்டாகியிருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் அபிப்பிராயம்: பழத்தைப் பழமாகக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றாலும் ஜூஸ், விருந்தாளி வந்தாலும் ஜூஸ். ஆனால் மேலே சொன்ன சர்க்கரைக் கணக்கில் பழச்சாறும் சேரும், தேனும் சேரும். முழுப் பழம் சேராது. சக்கையோடு மென்று தின்றால் வயிறு நிறையும், மெதுவாக உள்ளே போகும். ஒரு சாத்துக்குடியை உரித்துத் தின்னும் பிள்ளை ஒன்றோடு நிறுத்திவிடும். ஜூஸ் என்றால் நாலு பழத்தைப் பிழிந்து, சீனியும் போட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கும்.

"சரிதான் ஐயா, ஆனா பிள்ளைக பழத்தைத் தொட மாட்டேங்குதே" என்பீர்கள். உண்மைதான். தட்டில் வெட்டி வைத்தால் எங்கள் வீட்டிலும் தொடவில்லை. பிள்ளைக்குப் பழத்தின் மேல் வெறுப்பு கிடையாது. கையில் பிடிக்க ஒரு குச்சி வேண்டும், உறிஞ்ச ஒரு வழி வேண்டும், கொஞ்சம் வேடிக்கை வேண்டும். பாக்கெட்காரன் அதைத் தெரிந்து வைத்திருக்கிறான். நாமும் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டில் நன்றாகப் போன பண்டங்களைச் சொல்கிறேன்.

கற்பூரவள்ளியோ நாட்டுப்பழமோ, தோல் கறுத்து, இனி யாரும் தின்ன மாட்டார்கள் என்ற நிலைக்கு வந்ததை வில்லை வில்லையாக நறுக்கி, தட்டில் பரப்பி, ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினால் முதலில் பொடிப்பொடியாக வரும். விடாமல் ஓட்டுங்கள், திடீரென்று ஐஸ்கிரீம் மாதிரி குழைந்துவிடும். சீனி வேண்டாம், பால் வேண்டாம். வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டி மேலே தூவினால் போதும். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த வாழை நமக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. இதைவிடச் சுலபமான பண்டம் எனக்குத் தெரியாது.

சித்திரை, வைகாசியில் நுங்கு. மேல் தோலை உரித்து, சின்னத் துண்டாக்கி, இளநீரும் வழுக்கையும் சேர்த்து, குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைத்தேன். கண்ணாடி மாதிரி ஐஸுக்குள் நுங்குத் துண்டு தெரியும். இந்தக் கோடை முழுக்க அதுதான் ஓடியது. ஒரு எச்சரிக்கை: நுங்கு வெட்டிய அன்றைக்கே செய்துவிட வேண்டும். மறுநாள் வரை வெளியே வைத்தால் புளித்துவிடும்.

ஆவணிக்கு மேல் சீதாப்பழம் வரும். கையால் கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் கெட்டித் தயிரில் மசித்துக் குளிர வைத்துக் கொடுக்கலாம். கொட்டையோடு மிக்சியில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கொட்டையின் பருப்பு நஞ்சு; கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு.

மார்கழி தொடங்கி மாசி வரை இலந்தை. எனக்கு ஆறு வயதிருக்கும்போது, 1961-இல், இந்தக் கரையில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது. முத்தைப் பற்றி எனக்கு ஞாபகம் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் அம்மா மொட்டை மாடியில் பனையோலைப் பாயில் இலந்தை வடை காய வைத்ததும், காக்கா விரட்ட என்னை உட்கார வைத்ததும், காக்காவைவிட நான் அதிகம் தின்றதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பழுத்த நாட்டு இலந்தையோடு காய்ந்த மிளகாய், புளி, உப்பு, கொஞ்சம் வெல்லம் சேர்த்து உரலில் இடித்து, தட்டையாகத் தட்டி, ரெண்டு நாள் வெயில். அவ்வளவுதான். உப்பளத்தில் கடல் தண்ணீரையே உப்பாக்குகிற வெயில் நமக்கு இலவசமாக அடிக்கிறது. அம்மா கொட்டையோடு இடிப்பாள். நான் சின்னப் பிள்ளைகளுக்காகக் கொட்டையை எடுத்துவிட்டு, உப்பையும் காரத்தையும் பாதியாக்கினேன்.

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். போன ஆவணியில் பனம்பழத்தில் கை வைத்தேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவரின் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே பனம்பழத்தின் களியைப் பிழிந்து, பாயில் தடவி வெயிலில் காய வைத்து, அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று என்று பல நாள் அடுக்கி, கடைசியில் தோல் மாதிரி உரித்து வெட்டி வைப்பார்கள். பனாட்டு என்று பெயர். ஆந்திராவில் மாம்பழத்தில் செய்யும் தாண்ட்ராவும் இதே வழிதான். ஒரே கடலின் ரெண்டு கரை, ஒரே பனை. அவர்களுக்குக் கைவந்தது எனக்கு வராதா என்று இறங்கினேன். மூன்றாம் நாள் எறும்பு. ஐந்தாம் நாள் ஒருவழியாக உரித்து எடுத்துப் பேரனுக்குக் கொடுத்தேன். வாயில் வைத்தவன், "தாத்தா, கசக்குது" என்று அங்கேயே துப்பினான். பனங்களிக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. அதை எடுக்கும் பக்குவம் எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவி சிரித்துவிட்டு, மறுநாள் ஒரு பழத்தை நெருப்பில் சுட்டு, நாரோடு சீவிக் கொடுத்தாள். அதைப் பிள்ளைகள் முகமெல்லாம் மஞ்சளாகச் சப்பித் தின்றன. இந்த ஆவணியில் மறுபடியும் முயற்சி செய்வேன்.

பல் டாக்டரிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒரு திருத்தம் சொன்னார். காய்ந்த பழம் எதுவானாலும் பல்லில் ஒட்டும். அதனால் இலந்தை வடையும் பனாட்டும் பேரீச்சையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும்; நினைத்த நேரமெல்லாம் மெல்லக் கொடுக்கக் கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் உறைய வைத்த பழம் தினசரி, காய்ந்த பழம் எப்போதாவது.

ரெண்டாவது அபிப்பிராயம். இதற்கு ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்: கருப்பட்டியும் சர்க்கரைதான். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். என் காலை காபி இன்றைக்கும் கருப்பட்டிக் காபிதான். அதன் மணமும் ருசியும் வெள்ளைச் சீனிக்கு வராது; கொஞ்சம் தாது உப்பும் இருக்கிறது. ஆனால் "கருப்பட்டி போட்டது, எவ்வளவு வேணாலும் தின்னலாம்" என்று பிள்ளையிடம் சொல்வது, நான் "பழம்தானே" என்று சொன்ன அதே தப்பு. சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமிக்கு உடன்குடி என்றும் தெரியாது, சர்க்கரை ஆலை என்றும் தெரியாது. தேனும் அப்படியே. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'சேனை வைக்கிறோம்' என்று இன்னும் சில வீடுகளில் தொட்டு வைக்கிறார்கள்.

மூன்றாவது அபிப்பிராயம்தான் முக்கியமானது. வீட்டுப் பண்டம் செய்யுங்கள், பாக்கெட்டை விடுங்கள் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை யாரிடம் சொல்கிறார்கள்? தாயிடம். எங்கள் மருமகள் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறாள். ஆடி மாசம் நான் ஏதோ பெரிய ஞானம் வந்தவன் மாதிரி, "இனிமே எல்லாம் வீட்டுலயே செஞ்சு கொடும்மா" என்றேன். அவள் கோபப்படவில்லை. "மாமா, எனக்கும் ஆசைதான். எப்பச் செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

என் மனைவி அன்றைக்கு ராத்திரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்னங்க, வீட்டுல நாள் முழுக்கச் சும்மா இருக்கது யாரு? நானும் இல்ல, அவளும் இல்ல."

நாற்பது வருஷம் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தது தவிர அடுப்படியில் எனக்கு வேறு வேலை இருந்ததில்லை. மிக்சியை எந்தப் பக்கம் திருகுவது என்று பேரன் சொல்லிக் கொடுத்தான். முதல் வாரம் வாழைப்பழம் சுவரெல்லாம் தெறித்தது. ஆனால் பாருங்கள், இந்த வேலைக்குப் பெரிய சமையல் ஞானம் தேவையில்லை. தேவை பொறுமையும் நேரமும். இலந்தையில் கொட்டை எடுக்க, சீதாப்பழத்தில் சதை எடுக்க, பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காக்கா விரட்ட, ஓய்வு பெற்ற ஆளைவிடத் தகுதியானவர் யார்? சந்தையில் பழம் பொறுக்குவதும் நமக்குத் தெரிந்த வேலைதான். நம் தெருவில் மட்டும் பென்ஷன் வாங்குகிற ஆண்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். காலையில் பேப்பரைப் படித்து, நாட்டு நடப்பைத் திருத்துகிற நேரத்தில் பாதியைக் கொடுத்தால், ஒன்பது வீட்டுப் பிள்ளைகளின் பல் தப்பும்.

வெளியில் சட்டம் இருக்கிறது. 2020-இல் வந்த விதிப்படி, பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும், கொழுப்போ உப்போ சேர்த்த சர்க்கரையோ அதிகமான பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் நம் மாநிலத்தில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டுப் பாக்கெட், பள்ளிக்கூட வாசலில் வாங்கியது அல்ல. தாத்தா சட்டைப் பையில் வந்தது. அதை எந்த அதிகாரி வந்து பிடிப்பார்?

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு அழுதுகொண்டே வந்தாள். டப்பாவில் சீதாப்பழம் கொண்டு போயிருக்கிறாள். பக்கத்துப் பிள்ளை, "உங்க வீட்டுல பாக்கெட் வாங்கக் காசு இல்லையா?" என்று கேட்டுவிட்டதாம். எனக்குச் சுருக்கென்றது. நானும் தை மாசத்தில் பள்ளிக்கூடப் பையில் கொண்டு போன பனங்கிழங்கை, பன் ரொட்டி தின்னும் பையன்களுக்குத் தெரியாமல் சுவர் ஓரமாய் நின்று தின்றவன்தான். அறுபது வருஷம் போயும் அந்த வெட்கம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. அவளிடம் சத்து, வைட்டமின் என்று நான் உபதேசம் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மற்றப் பிள்ளைகள் கொண்டு வருகிற மாதிரி எதையாவது கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமை மட்டும் அவள் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டோம். கோடையில் நுங்கு ஐஸ் கொடுத்தபோது, காசு இல்லையா என்று கேட்ட அதே பிள்ளை மூன்று குச்சி தின்றது. நாலாவது கேட்டபோது, "நாளைக்குத் தாரேன்" என்று என் பேத்தி கண்டிப்பாகச் சொன்னாள்.

நுங்கு வாங்கப் போன இடத்தில்தான் இன்னொரு கவலை வந்தது. திருச்செந்தூர் ரோட்டில் பனையடியில் வெட்டிக் கொடுத்த பெரியவருக்கு என் வயது இருக்கும். "ஏற ஆள் இல்ல அண்ணாச்சி. பையன்க யாரும் வர மாட்டேங்கான். மரம் நிக்கி, நுங்கு மேலேயே முத்திப் போகுது" என்றார். பனை நம் மாநில மரம். 2021-இல் அரசு வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுக்கிறோம் என்றார்கள். மரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றார்கள். விதை நட்டுப் பலனுக்கு வரப் பதினைந்து வருஷமாவது ஆகும். அன்றைக்கு நுங்கைக் கேட்டு வாங்க ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டுமே. ருசி தெரியாத பிள்ளை பெரியவளானதும் கேட்கப் போவதில்லை. கேட்பார் இல்லாத மரத்தில் ஏறவும் ஆள் வராது.

பேத்திக்கு அந்தப் பல்லில் வேர் சிகிச்சை செய்து மூடி போட்டிருக்கிறது. மூன்று பல்லை அடைத்திருக்கிறார்கள். போன மாசம் பரிசோதனைக்குப் போனபோது புதிதாகச் சொத்தை எதுவும் இல்லை என்றார் டாக்டர். கல்யாண வீட்டில் பாக்கெட் ஜூஸ் கொடுத்தால் இன்றைக்கும் குடிக்கிறாள், நான் பிடுங்குவதில்லை. ஆனால் குடிப்பதற்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பி, "தாத்தா, இதுல எவ்வளவு போட்டிருக்கு?" என்று என்னிடம் நீட்டுகிறாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்கிறேன்.

நாளை காலை சந்தைக்குப் போக வேண்டும். நாவல்பழம் வந்துவிட்டதாம்.